பின்லைற்

அச்சுவேலியில் வெங்காயமும் புகையிலையும் வாங்கி விற்ற நமசிவாயம் சொன்ன விலைக்கு ஒரு சாமானை வாங்கிவிட்டார் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், சந்தையில் அதைக் கேட்டவர்கள் சொன்னவனுடைய நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மனிதர் அப்படி. சலூனுக்குப் போனால், "எனக்கு நடுவிலை வழுக்கை. சுத்திவர மட்டும்தானே வெட்டப்போறாய், அதுக்கேன் முழுக் காசு?" என்று கேட்பார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அங்கேயும் விலையைக் கேட்டபின் ஒரு கணம் நின்று அம்மனின் முகத்தைப் பார்ப்பார் என்று ஞானாம்பிகை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஞானாம்பிகை அவருடைய மனைவி. அவருடைய பேரத்தில் பாதி அவள்தான். இவர் விலையைக் கேட்டு, அதில் பாதியைச் சொல்லி, கடைக்காரன் சத்தியமெல்லாம் பண்ணி முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு இருமல் இருமுவார். அதுதான் அவளுக்கு அடையாளம். அதுவரை தனக்கும் இந்த மனிதருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றவள் கிட்ட வந்து, சாமானைத் தூக்கித் திருப்பி, ஒரு குறையைக் கண்டுபிடிப்பாள். "இஞ்சருங்கோ, உதின்ரை பிடி ஆடுது. வாங்கோ, போவம்." இரண்டு பேரும் நடப்பார்கள். ஆறாவது, ஏழாவது அடியில் கடைக்காரன் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால், அவள் செருப்பு வாரைச் சரிபண்ணக் குனிவாள். அது கடைக்காரனுக்குக் கொடுக்கிற கடைசித் தவணை. அந்தக் குனிதலுக்கு மசியாத கடைக்காரன் சுன்னாகத்தில் ஒருவன் இருந்தான். அவனுக்குக் கண் தெரியாது.

இதை அவர்கள் பேசிவைத்துப் பழகவில்லை. கலியாணத்துக்குக் கூறைச்சீலை எடுக்க இரண்டு வீட்டாரும் யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போயிருந்தார்கள். அவள் மணப்பெண் என்பதால் மூலையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். விலை ஓரிடத்தில் வந்து இறுகிக்கொண்டது. நமசிவாயம் என்ன செய்வதென்று தெரியாமல் தொண்டையைச் செருமினார். உடனே அவள், "எனக்கு இந்தக் கரை பிடிக்கேல்லை" என்று எழும்பிவிட்டாள். முதலாளி எழுபத்தைந்து ரூபா இறங்கினார். வெளியே வந்ததும் இவர் பயந்துபோய், "மெய்யாப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்க, "சும்மா போங்கோ, நல்ல வடிவான சீலை" என்றாள். தாலி ஏறியது பத்து நாள் கழித்து. ஆனால் நமசிவாயத்தைக் கேட்டால், தான் அவளைக் கட்டியது அந்தப் புடவைக்கடை வாசலில்தான் என்பார். இருபத்திரண்டு வருசம். பிள்ளை இல்லை. வாங்கின சாமான்களைப் பார்த்துப் பார்த்து, அது அது எவ்வளவில் தொடங்கி எவ்வளவில் முடிந்ததென்று இரவில் கதைத்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டு ஆனியில் அவளுடைய வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளை வெளியே இருக்கச் சொன்னார். "இஞ்சை மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. கொழும்புக்கு அனுப்புங்கோ. பிந்தாதையுங்கோ."

அந்த நாளில் கொழும்புக்கு ஒரே வழிதான். சண்டையால் ஆனையிறவுத் தரைப்பாதை பூட்டு. கிளாலிக் கரைக்குப் போய், நன்றாக இருட்டியபின் வள்ளமேறி, கடலைக் கடந்து பூநகரிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து வவுனியா. போகிறவர் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பும்வரை பிணை நின்றவர் ஊரைவிட்டு அசையக் கூடாது. ஞானாம்பிகைக்கு நமசிவாயத்தைவிட்டால் யார் பிணை? பாஸ் கந்தோரில் அவர் பேரம் பேசிப் பார்த்தார்.

"கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு நாலே நாளிலை வாறன் தம்பி."

"ஏலாது ஐயா."

"ரண்டு நாள்?"

தம்பி பேனையை நீட்டினான்.

நல்ல காலமாக, பக்கத்து வளவு இரத்தினம்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்பு போக இருந்தாள். ஞானத்தைத் தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றாள். வவுனியாவில் ஞானத்தின் தம்பி நடராசா வந்து நிற்பான். மிச்சமிருந்தது கிளாலிமட்டும் போகிற வழிதான்.

பின்னேரம் சைக்கிளில் வெளிக்கிட்டால் கொடிகாமத்தில் இருட்டிவிடும். மிருசுவிலுக்கு அங்கால் ரோட்டைவிட்டு இறங்கி, தென்னந்தோட்டங்களுக்கும் பனங்கூடலுக்கும் நடுவே நாலைந்து மைல் போக வேண்டும். அதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வேர், பனங்கொட்டை, பள்ளம், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கணுக்கால் மணல். வயிற்று நோக்காட்டுக்காரியைப் பின்கரியரில் வைத்துக்கொண்டு இருட்டில் அதற்குள் ஓட ஏலாது. நமசிவாயத்தின் சைக்கிளில் லைற் இல்லை. அச்சுவேலிக்குள் ஓட லைற் எதற்கு என்று இருபது வருசமாக மிச்சம் பிடித்தவர்.

இரண்டு நாள் இதையே யோசித்தார். ரோச் லைற் வீட்டில் இருந்தது, பற்றறி இல்லை. பற்றறிக்கு அரசாங்கத் தடை. ஒளித்துக் கொண்டுவந்த ஒரு சோடிக்குச் சந்தையில் கேட்ட விலையில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். ஆட்டுக்குட்டியென்றால் நாளைக்கும் இருக்கும். பழைய பற்றறியை வெயிலில் வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும், ஆனால் அது சாகப்போகிறவன் கண் திறந்து பார்க்கிற மாதிரி, பத்து நிமிசம். ஜாம் போத்தல் விளக்கை ஹாண்டிலில் கட்டினால் முதல் பள்ளத்திலேயே நூர்ந்துபோகும். சிரட்டைக்குள் மெழுகுதிரி வைத்துப் பிடித்துக் காட்டினார். ஞானாம்பிகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உதைப் பிடிச்சுக்கொண்டு போனால், ஆடி மாசத்திலை என்னடா திருவெம்பாவை எண்டு சனம் எழும்பி வரும்."

ஆக, டைனமோதான். பற்றறி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், உழக்கினால் வெளிச்சம். செலவு ஒருதரம். நமசிவாயத்தின் மனதுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

டைனமோ கனிசியஸிடம் இருந்தது. கனிசியஸ் குருநகர் ஆள். அங்கே வள்ளச் சாமான் விற்றவன். இடம்பெயர்ந்து வந்து அச்சுவேலிச் சந்தைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டிலில் சைக்கிள் சாமான் விற்றுக்கொண்டிருந்தான். ஒரு விலை சொன்னால் அதற்குக் கீழே மூன்று விலையை அடுக்கி வைத்திருக்கிறவன். இந்த இரண்டு பேரும் மோதுகிற நாளில் சந்தையில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

ஞானாம்பிகை கடைக்குள் வந்ததும் வாசலோரம் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கடைக்குள் உட்கார்ந்து நமசிவாயம் கண்டதில்லை. அவளுடைய வேலை நின்று செய்கிற வேலை.

கனிசியஸ் அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். டைனமோ, முன்லைற், பெருவிரல் அளவில் ஒரு சிவப்புப் பின்லைற், வயர். "பழைய ஜேர்மன் செற். ஒரு பாதர் ஓடின சைக்கிளின்ரை. பாதர் ஓடினது எண்டால் தெரியும்தானே அண்ணை, பூப்போலை."

"பாதர்மார் மோட்டார் சைக்கிளெல்லோ ஓடுறவை?"

"பெற்றோல் விக்கிற விலைக்கு அந்தோனியாரும் இப்ப நடைதான்."

"என்ன விலை?"

"அண்ணைக்கு எண்டபடியால் ஆயிரத்து நூறு."

"நான் டைனமோவைக் கேட்டனான், சைக்கிளைக் கேக்கேல்லை. நானூறு."

"நானூறுக்கு இதின்ரை வெளிச்சத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ. அதுவும் தூரத்திலை நிண்டு."

வாசலில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஆயிரத்து நூறு ஆயிரமாகி, ஆயிரம் தொளாயிரமாகி, அங்கே வந்து நின்றது. கனிசியஸ் மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டான், பிறகு மூச்சு வாங்கினான். நமசிவாயம் இருமினார்.

வாங்கிலிருந்து சத்தம் வரவில்லை. இன்னொருதரம் இருமினார். ஞானாம்பிகை அந்தச் சின்னச் சிவப்பு லைற்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல சாமான் போலத்தான் கிடக்கு. கேக்கிறதைக் குடுத்திட்டு வாங்கோ" என்றாள்.

"ஞானம்..."

"எனக்கு நடக்க ஏலாது. நடந்து போற மாதிரி நடிக்கவும் ஏலாது."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்துபோனார்கள். நமசிவாயம் மடியைத் தடவினார். அந்த இடத்தில் தொளாயிரத்தை எண்ணிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால், அவளுக்கு நோய் கடுமை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. வழக்கம்போல ஒரு பேரம் வழக்கம்போல முடிந்தால், எல்லாமே வழக்கம்போல இருக்கும். நடந்து போகிற வித்தை இல்லையென்றால் வேறு வித்தை இல்லையா?

"உந்தப் பின்லைற்றைக் கழற்று" என்றார். "அது எனக்கெதுக்கு? எனக்குப் பின்னாலை இருக்கப்போறது என்ரை மனிசி. அவவுக்குப் பின்னாலை ஆரும் வந்து இடிக்கப்போறதில்லை. அதைக் கழற்றிப்போட்டு விலையைச் சொல்லு."

கனிசியஸ் தலையைச் சொறிந்தான். "கழற்றுறது பெரிய வேலையில்லை. ஆனா அண்ணை, இது ரண்டும் சோடி. டைனமோ அனுப்புறதை முன்னுக்கும் பின்னுக்குமாய்ப் பங்கு போட்டு எடுக்கும். பின்னுக்கு ஒண்டு இல்லையெண்டால் முழுக்க முன் பல்ப்பின்ரை தலையிலைதான். சில்லு வேகமாய்ச் சுத்தினால் பல்ப் எரிஞ்சு போகும்."

நமசிவாயம் கடகடவென்று சிரித்தார். முப்பது வருசமாகப் புகையிலை விற்கிறவர். நல்ல புகையிலைக் கட்டோடு நலிந்த கட்டையும் சேர்த்து வைத்தால்தான் வாசம் நிற்கும், பிரித்தால் இரண்டும் பழுதாகும் என்று சொல்லிச் சொல்லியே, நலிந்த கட்டு முழுவதையும் வடமராட்சிக்கு விற்றவர். "உந்தச் சோடிக் கதையை ஆருக்கடா சொல்லுறாய்? உதை ஊருக்குக் கொண்டுவந்தவனே நான்தான்."

"மாதா அறிய மெய்தான் அண்ணை."

"மாதாவை விடு. அவவுக்கு வேறை வேலை கிடக்கு."

"சரி, மேலதிகமாய் ஒரு பல்ப் எண்டாலும் வைச்சிருங்கோ. நாப்பது ரூபா."

"சும்மா தாறியோ?"

"சும்மா தர ஏலாது."

"அப்ப வேண்டாம்."

பின்லைற் இல்லாமல் அறுநூற்றி ஐம்பதுக்கு முடிந்தது. டைனமோவைப் பின்சில்லில் பூட்டி, முன்லைற்றை ஹாண்டிலில் வைத்து, கனிசியஸ் பின்லைற்றைச் சுவரில் ஒரு ஆணியில் கொழுவினான்.

வீதியில் அவளைக் கரியரில் வைத்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது ஞானாம்பிகை சொன்னாள்: "அந்தச் சிவப்பும் வடிவாத்தான் இருந்தது."

"நீ சுகமாகி வா. ரண்டு பேருமாய்ப் போய் அவனை ஒரு கை பாப்பம். அது அங்கைதான் தொங்கும், தனிப் பின்லைற்றை ஒருத்தனும் வாங்கான்."

"ஓம். நான் செருப்பைச் சரிப்பண்ணுறன்" என்றாள் அவள்.

ஆவணி முதற் கிழமை வெளிக்கிட்டார்கள். புத்தூர், வாதரவத்தை, மீசாலை. கொடிகாமத்தில் இருட்டியது. நமசிவாயம் டைனமோவைத் தட்டிச் சில்லோடு சேர்த்தார். அது கிர்ரென்று பாட, முன்னே வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. கரியரில் இருந்தவள், "ஆ, பகல் மாதிரி" என்றாள். அவருக்கு அறுநூற்றி ஐம்பதும் அந்த இடத்திலேயே வசூலாகிவிட்டது.

மணலில் இறங்கியபிறகு வட்டம் சுருங்கியது. உழக்க உழக்க வெளிச்சம். சில்லு புதைந்து மெதுவாகும்போது லைற் மஞ்சளாகி, மங்கி, கண்ணை மூடும். அப்போதெல்லாம் இறங்கி உருட்டுவார். அவள் கரியரைப் பிடித்துக்கொண்டு அடியடியாய்ப் பின்னால் நடப்பாள். கெட்டி நிலம் வந்ததும் ஏறுவாள். "உழக்குங்கோ, உழக்குங்கோ, வேரொண்டு கிடக்கு" என்று பின்னாலிருந்து சொல்வாள். ஆளில்லாத பனங்கூடலுக்குள் அவளுடைய கை அவருடைய இடுப்பைச் சுற்றி இருந்தது. கலியாணமான புதிதில் சந்நிதிக் கோயிலுக்குப் போன நாளுக்குப் பிறகு அப்படி இருந்ததில்லை.

கிளாலிக் கரை தெரிந்ததும் நமசிவாயம் பெருமையோடு லைற்றைத் தட்டினார். "பாத்தியே? நாலு மைல். பல்ப்புக்கு ஒண்டும் நடக்கேல்லை. சோடியாம் சோடி."

"ஓம் ஓம், நீங்கள்தான் கெட்டிக்காரர்."

கரையில் சனம் நிறைந்திருந்தது. மூட்டை, சூட்கேஸ், அழுகிற குழந்தை, தேத்தண்ணி விற்கிறவர்களின் ஜாம் போத்தல் விளக்குகள். இரத்தினம்மா முன்னதாகவே பெறாமகனின் சைக்கிளில் வந்து நம்பர் எடுத்து வைத்திருந்தாள். ஞானாம்பிகை வாழ்நாளில் வள்ளத்தில் கால் வைத்தவள் அல்ல. கறுத்துக் கிடந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

"நடுவிலை நேவி வந்தால் என்ன செய்யிறது?"

"வராது. இண்டைக்கு வரமாட்டாங்களாம்." எங்கே கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"நான் திரும்பிப் பாத்தாலும் உங்களைத் தெரியாது. எல்லா விளக்கும் ஒரே மாதிரி."

நமசிவாயம் யோசித்தார். சைக்கிளைத் தண்ணீரோரம் கொண்டுபோய், முன்பக்கம் கடலைப் பார்க்க ஸ்ராண்டில் ஏற்றினார். பின்சில்லு நிலத்தைவிட்டு உயர்ந்தது. குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றினார். மஞ்சள் விளக்குகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வெளிச்சம் எழுந்தது. கையை எடுத்தார், மங்கியது. மறுபடி சுற்றினார், எழுந்தது.

"பார். கூடிக் கூடிக் குறையிற வெள்ளை வெளிச்சம் எண்டால் அது நான்."

அவள் முகத்தில் அன்று முதல்தரமாக ஒரு தெளிவு வந்தது. "எவ்வளவு நேரம் சுத்துவியள்?"

"நீ அக்கரையிலை இறங்குமட்டும்."

"விசர்க்கதை. மூண்டு மணித்தியாலம், கை கழண்டு போம். அரைவாசி காணும்."

"முழுக்க."

"அரைவாசி."

"சரி, முக்கால்வாசி. இதுக்குக் கீழை ஒரு சதம் குறைக்க மாட்டன்."

"முக்கால்வாசி" என்று அவள் ஒத்துக்கொண்டாள். சிரித்தாள். "பேந்து நீங்கள் வீட்டை வெளிக்கிடுங்கோ. லைற் நூந்தால் நீங்கள் வெளிக்கிட்டிட்டியள் எண்டு நினைப்பன். பேந்து நான் திரும்பிப் பாக்கமாட்டன்."

கரையில் நின்ற இயக்கப் பொறுப்பாளனிடம் லைற் எரிக்கலாமோ என்று கேட்டபோது, "ஹெலிச் சத்தம் கேட்டால் உடனை நூருங்கோ ஐயா" என்றான்.

"கையை எடுத்தால் நூந்துபோம் தம்பி."

நாலு வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, முதல் வள்ளத்து மோட்டார் இழுத்துக்கொண்டு போயிற்று. ஞானாம்பிகை மூன்றாவதில். அவள் கையை அசைத்தாளா, சீலைத் தலைப்பை இழுத்து மூடினாளா என்று தெரியவில்லை. நமசிவாயம் குந்தியிருந்து சுற்றத் தொடங்கினார்.

வழி நெடுக இரண்டு பேருடைய பாரமும் கிளாலி மணலும் அந்தச் சில்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. இப்போது சில்லு அந்தரத்தில் நின்றது. பிடிக்க ஆளில்லை. ஒரு சுற்றுக்கு நாலு சுற்றாகப் பறந்தது. வெளிச்சம் வழியில் ஒருபோதும் இல்லாத அளவுக்குப் பெருத்து, தண்ணீரின் மேல் வெள்ளைப் பாயை விரித்ததுபோல ஓடியது. இது அவளுக்கு வடிவாகத் தெரியும் என்று நினைத்தார். இன்னும் தூரம் போகிறாளே, இன்னும் வேணுமே என்று இன்னும் வேகமாகச் சுற்றினார். வெள்ளை நீலமாக ஒருதரம் மினுங்கியது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு சுள்ளி ஒடிகிற சத்தம்கூட அதைவிடப் பெரிது.

இருட்டு.

வள்ளத்தின் மோட்டார் இன்னும் காதுக்குள்ளேயே இரைந்துகொண்டிருந்தது. பத்து நிமிசம் ஆகியிருக்காது.

வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். டைனமோவைத் தட்டினார். பல்ப்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டினார். உள்ளே அறுந்த கம்பி கிணுகிணுத்தது. தேத்தண்ணிக்காரனின் ஜாம் போத்தல் விளக்கைக் கேளாமலே தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால்மட்டும் இறங்கி, தலைக்கு மேலே உயர்த்தித் தாழ்த்தி உயர்த்தினார். கரையோரம் அப்படி முப்பது விளக்குகள் மினுங்கின. எல்லாம் காற்றில் கூடிக் குறைந்துகொண்டுதான் இருந்தன. "ஞானம்! ஞானம்!" என்று கத்தினார். பொறுப்பாளன் ஓடிவந்து வாயைப் பொத்தினான்.

விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சைக்கிளடிக்குப் போய்க் குந்தி, மறுபடி சுற்றத் தொடங்கினார்.

"ஐயா, லைற் எரியேல்லை" என்றான் தேத்தண்ணிக்காரன்.

"தெரியும் தம்பி."

முக்கால்வாசித் தூரம் என்று பேசியது. இரண்டேகால் மணித்தியாலம். வலக்கை விறைத்தபோது இடக்கையால் சுற்றினார்.

அடுத்த நாளே கடிதம் எழுதி, கொழும்பு போகிற ஒருவரிடம் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் எழுதிய கடிதமெல்லாம் வெங்காய விலை. இது நாலு வரி: "நான் வெளிக்கிடேல்லை. பல்ப் எரிஞ்சு போட்டுது. பேசினபடி முக்கால்வாசிக்கும் சுத்தினனான். கனிசியஸ் சொன்னது மெய்." கொண்டுபோனவர் கிளாலியில் வள்ளம் ஓடாமல் ஒரு கிழமை கிடந்தார், பிறகு வவுனியா முகாமில் இரண்டு கிழமை மறிபட்டார்.

புரட்டாதிக் கடைசியில், கப்பலில் வந்த தபாலில் நடராசாவின் கடிதம் கிடைத்தது. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திருப்பித் தைத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தாளாம். கடிதம் கைக்கு வரும்போது அங்கே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. நமசிவாயம் பாஸ் கந்தோருக்குப் போய்க் கடிதத்தைக் காட்டினார். போனவர் இனித் திரும்ப மாட்டார் என்பதால் பிணை தீர்ந்துவிட்டது என்று கொப்பியில் வெட்டினார்கள்.

ஐப்பசி மழைக்குள் இரத்தினம்மா திரும்பி வந்தாள். வந்த அன்றே ஞானத்தின் சீலைப் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இருந்து அழுதாள். பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று சொன்னாள்:

"வள்ளத்திலை திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டே வந்தவள் அண்ணை. பயமெல்லாம் போட்டுது. ‘அக்கா, அந்தா, அதுதான் இவர்’ எண்டு எனக்குக் காட்டினவள். பக்கத்திலை இருந்த சனத்துக்கெல்லாம் காட்டினவள். பேந்து டக்கெண்டு நூந்துபோச்சு."

நமசிவாயம் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்தார்.

"கொஞ்ச நேரம் அந்தத் திக்கையே பாத்துக்கொண்டிருந்தவள். பேந்து சிரிச்சவள். ‘முக்கால்வாசி எண்டு பேசிப்போட்டு, கால்வாசியும் தரேல்லைப் பாருங்கோ மனிசன்’ எண்டவள். கோவமில்லை அண்ணை. ‘பாவம், களைச்சுப்போனார், வேளைக்கு வீட்டை போகட்டும்’ எண்டுதான் சொன்னவள்."

"பேந்து?"

"பேந்து திரும்பிப் பாக்கேல்லை."

"என்ரை கடிதம்?"

"அது எட்டுச் செலவண்டுதான் வந்தது."

இரத்தினம்மா போனபின் பையைத் திறந்தார். மேலாகவே அவளுடைய செருப்பு இருந்தது. வார் அறுந்து, ஊசி குத்தியிருந்தது.

மறுநாள் பின்னேரம் நமசிவாயம் சைக்கிளை உருட்டிக்கொண்டு கனிசியஸின் கடைக்கு வந்தார். கனிசியஸ் எழும்பினான். செத்த செய்தி சந்தைக்கு எப்போதோ வந்துவிட்டது.

"உந்தப் பின்லைற் கிடக்கோ?"

அது அதே ஆணியில்தான் தொங்கியது. தூசி பிடித்திருந்தது. "கிடக்கு அண்ணை. தனிப் பின்லைற்றை ஆர் வாங்குறது."

"முன்னுக்கும் ஒரு பல்ப் வேணும். என்ன விலை?"

வியாபாரி வாய், மனதைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. "பின்லைற் முந்நூறு. பல்ப் நாப்பது" என்று சொல்லிவிட்டான் கனிசியஸ்.

நமசிவாயம் மடியிலிருந்து காசை எடுத்தார். மேசையில் வைத்தார். முந்நூற்றி நாற்பது. மழை ஈரமோ என்னவோ, ஒரு இருமல் வந்தது. அது மெய்யான இருமல்தான். ஆனால் இரண்டு பேருமே அந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை," என்றான் கனிசியஸ். "இருநூறு தாருங்கோ, காணும்."

"சொன்ன விலையை எடு."

"அது சும்மா சொன்னது. நீங்கள் குறைப்பியள் எண்டு சொன்னது. நூற்றி அம்பது."

"எடு எண்டுறன்."

"ஏலாது அண்ணை. என்னாலை ஏலாது." காசை அவர் பக்கம் தள்ளினான். "ஒரு சொல்லுக் குறைச்சுக் கேளுங்கோ. திருடன், பகல்கொள்ளைக்காரன் எண்டு ஏசுங்கோ. இந்தக் காசை நான் எப்பிடி எடுக்கிறது?"

நமசிவாயம் வாசலுக்குப் போனார். சைக்கிளைக் கடைக்குள் கொண்டுவந்து ஸ்ராண்டில் ஏற்றினார். கனிசியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது பல்ப்பைப் போட்டு, பின்லைற்றைப் பூட்டி, வயரைக் கொழுவினான். காசு மேசையிலேயே கிடந்தது.

நமசிவாயம் குந்தியிருந்து பெடலைப் பிடித்தார். மெதுவாகத் தொடங்கினார். முன்னே அலுமாரியில் வெள்ளை விழுந்தது. பின்னே வாங்கில் சிவப்பு விழுந்தது. வேகமாகச் சுற்றினார். அன்றைக்குச் சுற்றிய வேகம் வந்தது. அதற்கு மேலும் வந்தது. டைனமோ அலறியது. "போ" என்றார் பல்ப்பைப் பார்த்து. "போவன்." அது போனால் கனிசியஸ் சொன்னது பொய்யாகும். அது போனால், என்ன வாங்கியிருந்தாலும் அன்றைக்கு நூர்ந்துதான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்.

பல்ப் போகவில்லை. இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு நிதானமாக எரிந்தன.

வெளியே மழை இருட்டாகிவிட்டது. சந்தையில் ஒருவருமில்லை. அவருடைய நெற்றியிலிருந்து வேர்வை சில்லில் சொட்டியது. கனிசியஸ் குனிந்து அவருடைய தோளைத் தொட்டான்.

"காணும் அண்ணை. விடுங்கோ."

"பேசாமல் இரு," என்றார் நமசிவாயம், கையை எடுக்காமல். "அவள் இன்னும் கால்வாசியும் போகேல்லை."